பல்லும் உதடும்

"மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும் பாட்டி, இதோ பாருங்கள்."

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அக்கா மகள் என் அம்மாவுக்காக ஆங்கில உச்சரிப்புக் காணொளியைப் பாதி வேகத்தில் ஓடவிடுகிறாள். திரை முழுக்க ஒரே ஒரு வாய்.

ஆங்கிலத்தில் ஈரமும் 'வெட்' (wet), கால்நடை மருத்துவரும் 'வெட்' (vet). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஈரத்துக்கு உதடு குவிய வேண்டும். மருத்துவருக்குப் பல் உதட்டில் பட வேண்டும். எந்த அகராதியும் இதை எனக்குக் கண்ணால் காட்டியதில்லை.

2003இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது வகுப்புக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. வாய் பிளந்து பார்த்தோம். ஆனால் நிறுத்தும் பொத்தான் ஆசிரியரிடம் இருந்தது.

இன்று அது கற்பவர் விரலில் இருக்கிறது. கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அம்மா கைக்கண்ணாடியை எடுத்து, பல்லை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடு, கண்ணு."