மிளகுக் கறியும் பரோசா ஷிராஸும்

ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடத்தில், மேசைமேல் ஒரு தாள் வைத்திருந்தார்கள். எந்த ஒயினுக்கு எந்த உணவு என்று அழகாக அச்சடித்த தாள். ஆட்டுத் தோள்கறிக்கு ஷிராஸ், புகையூட்டிய தொத்திறைச்சிக்கு கிரெனாஷ் என்று சிவப்பு ஒயின்களாக வரிசையாகப் போய்க் கடைசியில் 'இந்திய உணவு' என்று இருந்தது. அதற்கு நேராக 'லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின்'. அவ்வளவுதான். ஒரு துணைக்கண்டமே சாப்பிடுவதற்கு ஒரே வரி. பாலாடைக்கட்டிக்கு மட்டும் மூன்று வரி!

சுருக்கென்றது. கம்பத்தில் பிறந்தவள் நான். பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன். இந்தச் சிவப்பு ஒயினுக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் ஒட்டு உறவே இல்லை என்று ஒரு காகிதம் சொல்வதா? ஊற்றிக்கொடுத்த பெண் சின்னவள், தாளை எழுதியவளும் அவள் இல்லை. அதனால் அங்கே சிரித்துவிட்டு வந்தேன். காரில் ஏறியதும் ஆரம்பித்த புலம்பல் இரவு வரை ஓயவில்லை என்று கணவர் இன்றும் சொல்வார்.

அவருக்குச் செவிலியர் வேலை கிடைத்ததால்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வடகிழக்கே உள்ள இந்தப் பரோசா பள்ளத்தாக்குக்கு வந்தோம். வந்து இறங்கியது ஜூலை மாதம், நடுக் குளிர்காலம். வழியெல்லாம் கறுத்து முறுக்கிய கட்டைகள், ஓர் இலைகூட இல்லாமல். கம்பத்துக் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும், வெட்டி முடித்தால் மறுபடி கவாத்து. இங்கே கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறது. அதை எழுப்ப யாரும் அவசரப்படுவதில்லை.

தூங்கட்டும், வயது அப்படி. 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் காய்க்கின்றன. ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை நுழையவில்லை. அதனால் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்டாமல், இங்குள்ள பழைய கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. கொடியை நட்டவர்கள் 1842 முதல் இங்கே குடியேறிய பிரஷிய நாட்டுச் சைலீசியப் பகுதி லூத்தரன் கிறிஸ்தவர்கள். சமய நெருக்கடியால் ஊரைவிட்டுக் கிளம்பி, தேவாலயத்தையும் தொத்திறைச்சிப் பக்குவத்தையும் வெள்ளரி ஊறுகாயையும் கையோடு கொண்டுவந்தவர்கள். ஊறுகாய் ஜாடியோடு கடல் தாண்டும் ஜனங்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகும்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அந்த வம்சத்தில் ஆறாவது தலைமுறை. எழுபதைத் தாண்டியவர். பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார், எனக்கு நாக்கு புரளவில்லை. 'அங்கிள்' என்றேன். முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார், இப்போது பழகிவிட்டார். 1980-களில் திராட்சை விலை படுத்தபோது, பழைய கொடிகளைப் பிடுங்கி எறிய அரசாங்கமே பணம் கொடுத்ததாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலர் வாங்கிக்கொண்டார்கள். இவருடைய அப்பா மறுத்துவிட்டார். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம். விலை இல்லை என்று ஒரே வாரத்தில் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை போட்டார். கல்தூண்கள் மட்டும் வெகுநாள் வயலில் நின்றன. அதில்தான் மாட்டைக் கட்டுவோம்.

எங்கோ போய்விட்டேன். தாளுக்கு வருகிறேன்.

அதை எழுதியவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பரோசா ஷிராஸில் ஆல்கஹால் பெரும்பாலும் பதினான்கு சதவீதத்துக்கு மேல். அது மிளகாய் எரிச்சலைக் கிளறிவிடும். இனிப்பு அந்த எரிச்சலைத் தணிக்கும். சரி. ஆனால் நம் சமையல் மொத்தமும் மிளகாய்தான் என்று யார் சொன்னது? மிளகாய் நம் மண்ணுக்கு வந்ததே பதினாறாம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் கப்பலில். அதற்கு முன்பு நமக்கு உறைப்பு என்றால் மிளகு. எங்கள் ஊருக்கு அந்த மிளகு மேற்கே மலை ஏறினால் குமுளியில் கிடைக்கும். மழை நாளில் அந்த மலைச்சாலையில் பஸ் ஜன்னலைத் திறந்தால் ஏலக்காயும் மிளகும் கலந்து ஒரு வாசம் வரும். இங்கே ஈடன் பள்ளத்தாக்கு ஷிராஸை முதல்முறை மூக்கருகே கொண்டுபோனபோது அந்த ஜன்னல்தான் திறந்தது.

மனப்பிரமை என்று கணவர் சொன்னார். பிரமை இல்லை. மிளகுக்கு அந்த வாசத்தைத் தருவது ரோட்டண்டோன் என்ற பொருள். ஷிராஸில் அடிக்கும் மிளகு வாசத்துக்கும் அதுவே காரணம் என்று 2008-இல் அறிவித்தவர்கள், இதோ அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார். திராட்சைத் தோலில் உருவாகும் பொருள் அது, குளிர்ச்சியான இடங்களில் அதிகம். அதனால்தான் உயரத்தில் இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கில் அந்த வாசம் தூக்கலாக இருக்கிறது, கீழே பரோசா தரையில் பழுத்த பழ வாசம் அதை அமுக்கிவிடுகிறது. சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். வேடிக்கை என்னவென்றால், சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அளவைக் கூட்டிய பிறகும் அந்த வாசம் பிடிபடவில்லை. என் கணவர் அந்த ஐந்தாவது ஆள்.

ஆதாரம் கையில் கிடைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அங்கிளையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். சுக்கா வறுவல். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. ஆட்டுக்கறி தன் நீரிலேயே வெந்து சுண்ட வேண்டும். தக்காளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. இறக்குவதற்குச் சற்று முன்பு உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு. முன்கூட்டியே போட்டால் உறைப்பு நிற்கும், வாசம் ஓடிவிடும்.

அங்கிள் தம் தோட்டத்து ஷிராஸைக் கொண்டுவந்திருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். ஒரு வாய் ஒயின். பிறகு கோப்பைக்குள் மூக்கை விட்டார். உடனே தட்டுக்கு மேல் குனிந்து முகர்ந்தார். மறுபடி கோப்பை. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. கடைசியில், "இது 'கர்ரி' மாதிரியே இல்லையே!" என்றார். பாராட்டுத்தான். ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இத்தனை காலம் எதைக் 'கர்ரி' என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். டப்பாவில் வரும் மஞ்சள் பொடி என்றார். அந்தத் தாள் எங்கிருந்து பிறந்தது என்று அப்போது புரிந்தது.

சுக்காவுக்கு ஷிராஸ் ஏன் பொருந்துகிறது என்பதற்கு வாசம் பாதிக் காரணம்தான். ஒயினின் துவர்ப்பு டானின் தருவது. அது எச்சிலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் நாக்கு வறள்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். தவிர, வாழைப்பூவும் பாக்கும் மென்று வளர்ந்த வாய்க்குத் துவர்ப்பு ஒரு மிரட்டலே இல்லை. இங்கே புதிதாக ஒயின் குடிப்பவர்கள் முகத்தைச் சுளிக்கும்போது நான் பெருமையோடு வேடிக்கை பார்க்கிறேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஷிராஸ் என்று கிளம்பிவிடக் கூடாது. மீன் குழம்புக்குச் சிவப்பு ஒயின் ஆகவே ஆகாது. ஒயினிலுள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆட்டுக்கறி பிரியாணிக்குப் பழைய கொடிக் கிரெனாஷ் நல்லது. டானின் குறைவு, பழச்சுவை அதிகம். சீரகச் சம்பா அரிசியின் மணத்தை அது அடித்துப் போடாது. ஆனால் லேசாகக் குளிரவைக்க வேண்டும். 'அறை வெப்பம்' என்று எழுதுகிறார்களே, அது பதினாறு பதினெட்டு டிகிரி. நாற்பதைத் தொடும் பரோசா கோடையில் எந்த அறையில் அந்த வெப்பம் இருக்கிறது? கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்புக்கு மட்டாரோ என்ற சிவப்புத் திராட்சை கலந்த ஒயின் சுமாராகப் போகும். வத்தக்குழம்புக்கு எந்த நாட்டு ஒயினும் வேண்டாம். அந்தப் புளிக்கும் வற்றலுக்கும் சுட்ட அப்பளமே போதும். இதில் நான் யாரோடும் வாதாடத் தயாரில்லை.

ஊரோடு ஒன்றிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அறுவடை நாளில் கத்தரிக்கோலோடு அங்கிள் தோட்டத்துக்குப் போகிறேன். இடுப்பளவுக் கொடிகள், குனிந்து குனிந்து வெட்ட வேண்டும். எங்கள் ஊரில் தலைக்கு மேல் தொங்கும், அண்ணாந்தபடி வெட்டுவோம். இங்கே முதுகு வலிக்கிறது, அங்கே கழுத்து வலிக்கும். இரண்டாவது வரிசை முடியும்போதே மனம் உத்தமபாளையம் ரோட்டுக்குப் போய்விடுகிறது. பழப்பெட்டிகள் அடுக்கிய வண்டி, மேலே ஈரச் சாக்கு, சுற்றிலும் தேனீ.

மார்ச் அறுவடையில் அப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் குலையைக் காட்டினேன். அம்மா சொந்தக்காரர்களிடம் 'மகள் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் இருக்கிறாள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறவள். அன்றும் பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"பழம் ரொம்பச் சிறிசாக இருக்கிறதே தாயி. வருடத்துக்கு எத்தனை வெட்டு?" என்றார் அப்பா.

"ஒன்றுதான் அப்பா."

"ஒன்றுதானா! மீதி நாளெல்லாம் என்ன செய்கிறார்கள்?"

"குடிக்கிறார்கள் அப்பா" என்றேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.