இருட்டுவதற்குள் எடுக்கும் இரவுப் படம்

இரவில் படம் எடுத்துப் பழக பினாங்கின் ஜார்ஜ் டவுனைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அதனால் பினாங்கில் சூரியன் மறைய ஏழு மணியாகும், சில மாதங்களில் ஏழரையும் தாண்டிவிடும். வேலை முடிந்து, ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுப் போனாலும் நேரம் இருக்கும்.

ஆனால் அந்தி இங்கே நின்று நிதானிக்காது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. வானம் கருநீலமாக இருப்பது ஏறக்குறைய 15, 20 நிமிடம்தான். அந்த நீலம் இருக்கும்போது எடுத்தால்தான் கூரையும் மரமும் வானத்திலிருந்து பிரிந்து தெரியும். அப்புறம் எல்லாம் ஒரே கறுப்பு. எனக்குப் பழக்கிவிட்ட அண்ணன் எப்போதும் சொல்வது இதுதான்: "வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்து டிரைபாட் போட்டுடு தம்பி. இருட்டினப்புறம் ஃபோகஸ் தேடாதே." டிரைபாட் என்றால் கேமராவைத் தாங்கும் முக்காலி.

நாங்கள் அடிக்கடி போவது சியூ ஜெட்டிக்கு. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குடும்பங்களின் மரவீடுகள், நடுவே பலகைப் பாதை, நீரைத் தாண்டி பட்டர்வொர்த் நகரின் விளக்குகள். கிழக்கே பார்த்த இடம், அதனால் சூரியன் முதுகுப்பக்கம் விழ, எதிர்வானம் சீக்கிரமே நீலமாகும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 20 விநாடி என்று வைத்தால் அலையெல்லாம் வழுவழுவென்று ஆகிவிடும். சிக்கல் பலகையில்தான். யாராவது நடந்தால் டிரைபாட்டும் சேர்ந்து ஆடும். ஆள் கடந்து போகும்வரை பொறுத்திருந்து, 2 விநாடி டைமரில் எடுப்போம். நடமாட்டம் அதிகமென்றால் ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றினால் போதும், 20 விநாடி வேலை 5 விநாடியில் முடியும். கொஞ்சம் புள்ளி தட்டினாலும் அசையாத படமே மேல். இன்னொன்று, அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். திறந்த வாசலுக்குள் லென்ஸைத் திருப்பக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

பாடாங் கோத்தாவில் 1903-இல் கட்டிய வெள்ளை நகர மண்டபம் வேறொரு பாடம். சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சுவரின் வேலைப்பாடு வெளுத்துப்போகும். வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் குறைத்தால் சரி; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்.

நீலம் போன பிறகும் வீடு திரும்ப மனம் வராது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் பக்கம் நடப்போம். 1833-இல் எழுந்த கோயில், சுற்றிலும் புடவைக் கடை, பூக்கடை. இங்கே டிரைபாட் வேண்டாம், வழிபட வருகிறவர்களுக்கு இடைஞ்சல். துளை அகலமாகத் திறக்கும் எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, கையிலேயே பிடித்து எடுப்பதுதான். கடை விளக்குக்கு வெளிச்ச அளவு பார்த்து எடுத்தால் மாலைகளின் நிறம் தங்கும். இருண்ட நிழலை ரா கோப்பில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி பூத்துவிடும். கேமராவை மூடிய பையிலேயே கால் மணி நேரம் வெளிச்சூட்டில் விட்டு, அப்புறம் எடுங்கள். அதற்கும் சேர்த்தே முன்கூட்டிக் கிளம்புங்கள்.