குராய்டனில் ஒரு பெயர்

1992ஆம் ஆண்டு பிப்ரவரியில், கல்யாணமான இரண்டாம் மாதம், குன்னூரிலிருந்து தெற்கு லண்டனில் உள்ள குராய்டனுக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஊரில் எனக்கு முதலில் மனத்தில் பதிந்த பெயர் ஆஷ்கிராஃப்ட். பார்க் லேனில் இருக்கும் ஃபேர்ஃபீல்டு ஹால்ஸ் வளாகத்து நாடக அரங்கத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். வேலை தேடி ரயில் நிலையத்துக்கு நடந்த நாட்களிலெல்லாம் அதைக் கடந்துதான் போவேன்.

ஒரு நேர்முகத் தேர்வில், தொலைபேசியில் பேசும் வேலைக்கு என் உச்சரிப்பு ஒத்துவராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் நூலகத்தில் ஒதுங்கினேன். அங்கிருந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுக்கும் சாக்கில் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டபோது, அவர் முகம் மலர்ந்து, "எங்கள் ஊர்ப் பெண்" என்று சொல்லி ஒரு புத்தகத்தையும் ஒரு வீடியோ கேசட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

பெகி ஆஷ்கிராஃப்ட் 1907ஆம் ஆண்டு டிசம்பரில் குராய்டனில் பிறந்தவர். தந்தையை முதல் உலகப் போரில் இழந்து, பதினாறு வயதில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். 1930இல் லண்டன் சவாய் அரங்கில், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பால் ரோப்சன் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நடிக்க, இவர் ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தார். வெள்ளைக்காரப் பெண் இப்படி நடிப்பதா என்று வசைக் கடிதங்கள் வந்தன. அந்தப் பக்கத்தை அகராதியின் துணையோடு இரண்டு முறை படித்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் அத்தனை வசைக்கும் நடுவே மேடையேறினாள் என்பது, ஒரே ஒரு நிராகரிப்பில் துவண்டு கிடந்த எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

கேசட்டில் இருந்தது டேவிட் லீன் இயக்கிய 'எ பேசேஜ் டு இந்தியா'. திருமதி மூர் என்ற முதிய பெண்ணாக நடித்ததற்காக, 77 வயதில் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. இந்தியாவுக்குப் புதிதாக வந்த திருமதி மூர், இரவில் தனியாக ஒரு மசூதிக்குள் போகிறார்; யாரும் சொல்லாமலே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்திருக்கிறார். வந்த இடத்தின் மரியாதையை அறிந்து நடப்பது எப்படி என்று அந்த ஒரு காட்சியில் எனக்குப் புரிந்தது. பிறகு குகைகளுக்குப் போகும் ரயில் வந்தது. கண்ணீரில் திரை மங்கிவிட்டது. அது எங்கள் நீலகிரி ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி நீராவி எஞ்சின் ஏறும் ஓசையைக் கேட்டே நான் வளர்ந்தேன். குராய்டனில் பிறந்தவர் எங்கள் மலையில் ரயிலேறியிருக்க, அந்த மலையில் பிறந்த நான் அவர் ஊரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்றாலும் எனக்கு மிகவும் நெருக்கமானது அவருடைய மார்கரெட் அரசிதான். 1963இல் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில், அவருடைய வரலாற்று நாடகங்களைத் தொகுத்து அரங்கேற்றியபோது, ஐம்பத்தைந்து வயதில் அவர் அந்தப் பாத்திரத்தின் இளமை முதல் முதுமை வரை நடித்தார். மார்கரெட் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு மருமகளாக வந்தவள். பிபிசி பதிவு செய்திருந்த அந்த நாடகங்களை நான் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆங்கில உச்சரிப்புக்குப் பேர்போன ஆஷ்கிராஃப்ட், அதில் 'ர' ஒலியை வேண்டுமென்றே பிறழவிட்டு, அரசியின் பேச்சில் பிறந்த வீட்டு வாடை லேசாக இருக்கும்படி செய்திருந்தார். அதற்குள் நான் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகிவிட்டேன். என் 'ர'வும் 'ழ'வும் இன்றும் குன்னூருடையவைதான்.

அவர் 1991 ஜூனில், நான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், காலமானார். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் வாழ்ந்த இடத்துத் தோட்டத்தில், அவரே 1969இல் நட்ட முசுக்கொட்டை மரத்தைச் சுற்றி அவருடைய சாம்பலைத் தூவினார்கள்.

1998இல் அம்மா வந்திருந்தபோது அந்தக் கேசட்டை மறுபடி எடுத்துவந்து போட்டேன். ரயிலைப் பார்த்ததும், "நம்ம வண்டிடீ இது!" என்று எழுந்தே நின்றுவிட்டார். மறுநாள் பார்க் லேன் வழியாகப் போகும்போது அரங்கத்தைக் காட்டினேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டு, "நம்ம வண்டில போன அம்மாதானே?" என்று கேட்டார்.