கைதடியில் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணம் போக ரொறன்ரோவில் பெட்டி அடுக்கும்போது அம்மா முதலில் எடுத்து வைத்தது முழங்காலுக்குப் பூசும் சி.பி.டி. கிறீம். கஞ்சாச் செடியில் இருந்து எடுப்பதுதான். ஆனால் போதை தராத கூறு. அதைத் திரும்ப அலுமாரியில் வைக்கச் சொன்னேன். கனடாவுக்குள் சட்டப்படி விற்கிறார்கள் என்பதற்காக எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. டொக்டர் எழுதித் தந்திருந்தாலும் குற்றம், வெறும் கிறீம் ஆனாலும் குற்றம். ஊருக்குப் போகும் நம்மவர் பலருக்கு இது தெரிவதில்லை. தயவுசெய்து மறக்காதீர்கள்.

அந்தக் கிறீம் வாங்கிய கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் தனியார் கடைகள் 2019 ஏப்ரலில் திறக்கத் தொடங்கின. 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது. ஸ்காபரோவில் நாங்கள் போன கடையின் கண்ணாடி முழுக்க மறைத்திருந்தது. தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கவுண்டரில் நின்றது ஒரு தமிழ்ப் பெடியன். “வாங்கோ அன்ரி” என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. நாக்குக்குக் கீழே விடுகிற எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்கு அன்ரி. வேற என்ன குளிசை போடுறியள்?”

அம்மா இதய நோய்க்காரி, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர். அதைச் சொன்னதும் அவன் கையில் எடுத்த பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டான். “எனக்கு வைத்தியம் சொல்ல அனுமதி இல்லை. முதல்ல உங்கட பார்மசியில கேட்டுட்டு வாங்கோ.” பார்மசியில் கேட்டோம். சி.பி.டி.யை உள்ளுக்கு எடுத்தால் வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தப்போக்கு வரலாம் என்றார்கள். அன்று அந்தப் பெடியன் பேசாமல் விற்றிருக்கலாம், சட்டமும் அவனைக் கேட்டிருக்காது. பூசுகிற கிறீமோடு நின்றுகொண்டோம். வலி குறைந்ததில் கிறீமுக்கு எவ்வளவு பங்கு, தேய்த்துவிட்ட கைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மா அதை நம்பினார்.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் பயணக் களைப்போடு முழங்கால் வீங்கிவிட்டது. நகரில் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குப் போனோம். நல்ல மணம் வீசிய கடை: வேர்க்கொம்பு, திப்பிலி, வசம்பு, கட்டுக்கட்டாக உலர்ந்த வேர்கள். வாதத்துக்கு எண்ணெய் கேட்டோம். எடுத்துத் தந்தார்கள், சரி. காசு கொடுக்கும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “நித்திரை வராட்டி இதில ஒரு உருண்டை குடுங்கோ, வலி கிலி ஒண்டும் தெரியாது” என்று வெள்ளித் தாளில் சுற்றிய லேகிய உருண்டைகளை மேசையில் வைத்தார். என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். “மூலிகைதான், வெளிநாட்டில இருந்து வாறவையெல்லாம் வாங்கீனம்” என்றார். செய்தவர் பெயர் இல்லை, திகதி இல்லை, அளவு இல்லை. அம்மாவின் வயதைக்கூட அவர் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கஞ்சா சேர்ந்த லேகியங்கள் இலங்கையில் புதிதல்ல. மதன மோதகம் என்ற பெயர் பலருக்கும் தெரியும். அந்த உருண்டையில் அதுதான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்ததா இல்லையா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை என்பதுதான் என் கவலை. கனடாவில் தின்னும் கஞ்சாப் பண்டம் ஒரு பொதியில், போதை தரும் கூறான டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தின்றது வேலைசெய்ய 2 மணித்தியாலம் வரை ஆகலாம், அதுவரை இன்னொன்று எடுக்காதீர்கள் என்று சொல்லித் தருவார்கள். இங்கே இதய நோய்க்காரியான ஒரு வயதானவருக்கு, வாயில் போடு என்று ஒரு உருண்டை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

மறுநாள் மாமா எங்களைக் கைதடிப் பக்கம் கூட்டிப்போனார். ஏ9 வீதியில் அரியாலை தாண்டி நாவற்குழிப் பாலம் வரும். அதற்கு அங்காலே கைதடி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடப்பதும் அங்கேதான். நாங்கள் போனது ஒரு பரம்பரை வைத்தியரிடம், வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்ப்பவர். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவருடைய பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கியது. யாரிடம் போனாலும் முதலில் இதைப் பாருங்கள்.

முழங்காலை அவர் உடனே தொடவில்லை. “நித்திரை எப்படிப் பிள்ளை? மலம் ஒழுங்காப் போகுதோ? காலமை எழும்பேக்க விறைப்பு எவ்வளவு நேரம் நிக்குது?” என்று தொடங்கி, குளிசைப் பையை வாங்கி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்து, கொப்பியில் எழுதிக்கொண்டார். வார்ஃபரினில் வந்து நின்றார். “இதைப் போடுற ஆளுக்கு நான் உள்ளுக்கு ஒண்டும் தரமாட்டன். பூசிறது மட்டும்.” ஸ்காபரோப் பெடியன் பெட்டியைத் திரும்ப வைத்தது எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது.

கஞ்சாவைப் பற்றி நானே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “எங்கட வைத்தியத்தில இருக்குத் தம்பி. சுத்தி செய்து நஞ்சை நீக்காமல் எடுக்கிறதில்லை. மருந்து செய்யிறதெண்டாலும் அரசாங்கத்தின்ர அனுமதியோடதான் எடுக்கலாம். அம்மாவுக்கு அது தேவையில்லை.” அவ்வளவுதான். இடையில் இன்னொரு விஷயம்: வைத்தியர்களுக்கு உள்ள இந்த அனுமதி பயணிகளுக்கு இல்லை. கடல் வழியாக வரும் கேரள கஞ்சா வடமராட்சிக் கரையில் பிடிபடுவது ஊர்ப் பத்திரிகைகளில் வழக்கமான செய்தி. மருந்துக்கு என்று சொன்னால் பொலிஸ் விட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தந்தது பிண்டத் தைலம். மஞ்சிட்டி வேர் சேர்ந்ததால் செக்கச் சிவந்த எண்ணெய். இரவில் இளஞ்சூடாகப் பூசி, நொச்சியிலை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். எந்தத் திசையில் தேய்ப்பது என்று என் கையைப் பிடித்து அம்மாவின் காலில் வைத்தே காட்டினார். வீக்கத்தில் அழுத்தக்கூடாது, அதன் ஓரத்தால் மேல்நோக்கி. கன்றிப்போனால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எழும்பும்போது அம்மா, ரொறன்ரோவில் இருக்கும் சிநேகிதிகளுக்கு என்று இன்னும் இரண்டு போத்தல் கேட்டார்.

“அவையளை நான் பார்க்கேல்லையே பிள்ளை” என்று மறுத்துவிட்டார்.

ரொறன்ரோ டொக்டருக்குக் காட்டவேண்டும், என்னென்ன சேர்ந்தது என்று தெரிந்தால் நல்லது என்றேன். கொப்பியில் ஒரு துண்டு கிழித்து நல்லெண்ணெய், தேன்மெழுகு, மஞ்சிட்டி என்று வரிசையாகப் பேனையால் எழுதி, கீழே அன்றைய திகதியும் போட்டு, பசை தடவிப் போத்தலில் ஒட்டித் தந்தார்.