சாம்பல் வெள்ளை

ஜனவரி 16, 2021, சனி

இன்றைக்கும் மழை. ஜெர்மனியில், டோர்ட்முண்டில் ஜனவரி இப்படித்தான், விழுவது ஸ்னோவா தண்ணீரா என்று வானத்துக்கே தெரியாது. மூன்று பற்றரியும் சார்ஜ் ஏற்றி மேசையில் அடுக்கியாயிற்று. போனும் அதே மேசையில்.

ஜனவரி 19, செவ்வாய்

பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுக்கக் கேட்ட அனுமதிக் கடிதம் வரவில்லை. மூன்றாவது தடவை எழுதிவிட்டேன். ட்ரோன் 249 கிராம், ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவு. அதற்குப் பதிவு, முதுகில் ஒட்ட ஒரு எண், காப்புறுதி, 120 மீட்டருக்கு மேலே போகாதே என்று ஐரோப்பா முழுக்க ஒரு புதுச் சட்டம். எல்லாம் சரி, குறை சொல்லவில்லை. ஆனால் சுரங்கம் மூடி முப்பது வருடத்துக்கு மேல். நிலக்கரியைக் காவல் காத்ததைவிட இப்போது அதன் மேலே இருக்கும் காற்றை நன்றாகக் காவல் காக்கிறார்கள்.

ஜனவரி 20

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா இரண்டு நிமிடம் பேசினார். "சாப்பிட்டியோ?" அதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது.

ஜனவரி 24, ஞாயிறு

வீட்டில் இருக்க முடியவில்லை. கமராவை மட்டும் தூக்கிக்கொண்டு ஹோர்டேக்குப் போனேன், ஃபீனிக்ஸ் வெஸ்ட் என்ற மூடிய இரும்பாலைக்கு. 1998இல் அணைத்த ஊதுலை வேலிக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. வானம் அழுக்குச் சாரம் மாதிரி ஒரே சீராக இருந்தது. பழைய ஆலைகளையே படமெடுத்த பெக்கர் தம்பதி, பெர்ண்டும் ஹில்லாவும், இந்த வானத்துக்காகத்தான் காத்திருப்பார்களாம். வெயில் இல்லை, நிழல் இல்லை, ஆள் இல்லை, தண்ணீர்த் தாங்கியை நேருக்கு நேர் நிறுத்தி அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல் எடுப்பது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நாற்பது படம் எடுத்தேன், மூன்று தேறும்.

அப்புறம் மறுபக்கம் ஏரிவரைக்கும் நடந்தேன். அது ஏரியே இல்லை. 2001 வரை அங்கே உருக்காலை ஓடியது, பிறகு சீனாவிலிருந்து ஆட்கள் வந்து கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், 2010இல் அந்தக் கிடங்கில் தண்ணீர் விட்டார்கள். இப்போது கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பணக்கார வீடுகள். போன கோடையில் இதே வாங்கில் அப்பாவோடு இருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கடை சீமெந்து பக்டரியையும் ஆராவது இப்பிடிக் கழட்டிக்கொண்டுபோய் எங்கையாவது பூட்டியிருக்கலாம்" என்றார்.

ஜனவரி 29

கடிதமும் இல்லை, போனும் இல்லை.

பெப்ரவரி 3, புதன்

இரண்டும் ஒரே நாளில்! காலையில் கடிதம்: பெப்ரவரி முடியும்வரை, காலை 8 முதல் 11 வரை, ஆட்களுக்கு மேலே பறக்கக் கூடாது. மத்தியானம் டொக்டர். "ஷ்டபீல்" என்றார், ஜெர்மனில் நிலையாக இருக்கிறது என்று. போன கிழமையும் ஷ்டபீல்தான். சுரங்கத்தின் தூக்குக் கோபுரமும் ஷ்டபீல், பொறியியலாளர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறார் என்று கடிதத்தில் இருக்கிறது. அக்கா ரொறொன்ரோவிலிருந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டா. விழவில்லை என்று அர்த்தம் என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டா.

ஞாயிற்றுக்கிழமை ஸ்னோ என்கிறார்கள். எத்தனை தடவை சொன்னார்கள்.

பெப்ரவரி 7, ஞாயிறு

கொட்டுகிறது. கொட்டுகிறது! பஸ் இல்லை, ரயில் இல்லை, ரோட்டில் சத்தமே இல்லை. ஒன்றரை மணி நேரம் முழங்காலளவு மிதித்துச் சுரங்கத்துக்குப் போனால் காற்று நிற்கக்கூட விடவில்லை. ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. திரும்பி வந்து கமராவைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன், இல்லாவிட்டால் வீட்டுச் சூட்டுக்கு உள்ளே எல்லாம் வியர்த்துவிடும். போன வருடம் ஒரு லென்ஸ் அப்படித்தான் போனது.

பெப்ரவரி 10, புதன்

மைனஸ் 11. வெயில், காற்று இல்லை.

ட்ரோன் புத்தகத்தில் 0 முதல் 40 பாகை வரை என்று போட்டிருக்கிறது. தெரியும். குளிரில் பற்றரிக்குள் தடை கூடி மின்னழுத்தம் திடீரென்று விழும், எண்பது வீதம் என்று காட்டிக்கொண்டே கீழே வந்துவிடும். அதனால் மூன்றையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன், காய்ச்சல் பார்ப்பதுபோல. காரின் கால்மிதியை விரித்து அதிலிருந்து ஏற்றினேன். வெறும் வெள்ளையைப் பார்த்தால் அதன் வயிற்றிலிருக்கும் உணரிக்குத் தரை எது என்று பிடிபடாது. ஒரு நிமிடம் தலையளவு உயரத்தில் நிறுத்திச் சூடாக்கி, அதன் பிறகு மேலே.

80 மீட்டரில் இருந்து பார்த்தபோது கை விறைத்ததே தெரியவில்லை. கோடையில் பேர்ச் மரக்காடு மூடிக் கிடக்கும் இடத்தில், இலையும் இல்லாமல் ஸ்னோவும் மூடிய பிறகு, பழைய தண்டவாளங்கள் எல்லாம் மெல்லிய வரம்பாக எழும்பி வந்திருக்கின்றன, விசிறி மாதிரி விரிந்து எல்லாம் கோபுரத்தடியில் போய் முடிகின்றன. தரையில் நின்று பத்து வருடம் பார்த்தும் அது எனக்குத் தெரியவில்லை. கொதிகலன் வீட்டுக் கூரை உடைந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்புச் சதுரம்.

இந்தப் பிரதேசம் சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோயிருக்கிறது, கீழே கரியை எடுத்த இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் இறங்கிவிட்டது. 2018இல் பொட்ரொப்பில் கடைசிச் சுரங்கத்தையும் மூடினார்கள், ஆனால் பம்புகளை மூட முடியாது. நிறுத்தினால் தெருவும் வீடும் தண்ணீரில். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரே நித்தியக் கடமை. அப்பாவின் அறையிலும் ஒரு மெசின் சத்தம் போனுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

31 நிமிடம் என்று விற்ற பற்றரி 14 நிமிடத்தில் அலறியது.

பெப்ரவரி 11, வியாழன்

அவசரத்தில் திருத்தாத படம் ஒன்றை அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளையாக எதைக் காட்டினாலும் கமரா அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை +1.3 அளவில் ஏற்ற வேண்டும், முதல் பறப்பில் மறந்துபோனேன். ஊரே அழுக்காக விழுந்த படம்.

தாதி டப்லெட்டைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். அப்பா உடனே எடுத்தார், தானாக, கிழமைக் கணக்கில் முதல் தடவை.

"தம்பி, உது எப்ப எடுத்தது?"

"நேற்றப்பா. ஸ்னோ."

"ஸ்னோ இல்லை. சீமெந்துத் தூள். காங்கேசன்துறையிலை தென்னோலை, கூரை, கொடியிலை காயிற வேட்டி எல்லாம் உந்த நிறந்தான். சூளை நிப்பாட்டின நாளிலைதான் அப்பாச்சி வெள்ளை உடுப்புத் தோய்ப்பா."

மூச்சு வாங்கியது. நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. முருங்கனிலிருந்து களிமண் ஏற்றிவரும் ரயில், கல்லு வெட்டின கிடங்கு, இரவு வேலை முடிந்து விடிய கீரிமலையில் இறங்கினால் தலைமயிரிலிருந்து தண்ணீர் வெள்ளையாக ஓடுவது. பதினொரு நிமிடம். எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு திருத்திய படத்தை அனுப்பினேன். பளிச்சென்று, நீல நிழலோடு. "இது கலண்டர்" என்றார்.

பெப்ரவரி 13, சனி

செயற்கைக்கோள் படத்தில் காங்கேசன்துறையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றது. கூரைகள், மரம், பக்கத்தில் சுண்ணக்கல் வெட்டிய பள்ளங்கள். சூளை எது என்று அப்பாதான் சொல்ல வேண்டும். நாலு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலச் சரி வரவில்லை.

அங்கே பறப்பதென்றால் யாருக்குக் கடிதம் எழுதுவது?

பெப்ரவரி 14

நீலச் சரி இல்லை.

பெப்ரவரி 15, திங்கள்

உருகத் தொடங்கிவிட்டது. கூரையிலிருந்து விடாமல் சொட்டுகிறது, சுரங்கத்துத் தண்டவாளமெல்லாம் இன்றோடு போயிருக்கும். இன்னும் ஒரு காலை இருந்திருந்தால் மேற்குப் பக்கத்தையும் எடுத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்தார்கள். நாளை வரலாமாம். ஒரு ஆள், பதினைந்து நிமிடம், முகக்கவசம், பரிசோதனை. ஏன் திடீரென்று விடுகிறார்கள் என்று கேட்க வாய் வரவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சாமான் கடை மெசினில் படம் அச்சடித்தேன், 13க்கு 18. திரையில் கை வைத்து முதலில் கலண்டரைத்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு அழித்துவிட்டு சாம்பலை எடுத்தேன். இரண்டு பிரதி. காங்கேசன்துறைப் படத்தையும் பெரிதாக ஒன்று, சூளையைச் சுற்றிப் போட ஒரு சிவப்புப் பேனை.

நாளை 2 மணி.