குடிக்கிறவர் வீட்டுக்குப் போகும்போது

பாவத்தை வெறு, பாவியை நேசி என்ற வார்த்தை வேதாகமத்தில் அப்படியே கிடையாது. அதன் வேர், 5ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் ஒரு கன்னியர் மடத்துக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. தவறு செய்த சகோதரியை எப்படித் திருத்துவது என்று சொல்லும் இடம் அது. நம் பக்கத்துச் சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்) வீடு சந்திக்கிற சபை ஊழியரான உபதேசியாருக்கும் அதுதான் வேலை.

குடிக்கிறவரைப் பார்க்கச் சாயங்காலம் போகாதீர்கள். விடிந்ததும், தெளிவாய் இருக்கும்போது, தனியாகப் போங்கள். "அண்ணாச்சி, நேத்து சோறு சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினால் போதும். மத்தேயு 18இல் வரிசை தெளிவு: முதலில் தனியே, பிறகு ஒருவர் இருவரோடு, கடைசியில்தான் சபை. நாம் தலைகீழாக்கிவிடுகிறோம். புதன்கிழமைக் கூட்டத்தில் பேர் சொல்லி ஜெபக்குறிப்பு கொடுத்தால், ஆராதனை முடியுமுன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பெயர் ஜெபமே இல்லை, புறணி. அவர் பிறகு கோயில் பக்கமே வரமாட்டார்.

கலாத்தியர் 6:1இல் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்பதற்குள்ள கிரேக்கச் சொல்லே, மீனவர்களான யாக்கோபும் யோவானும் வலையைப் பழுதுபார்த்த இடத்திலும் வருகிறது. உவரிக் கடற்கரையில் வலை பின்னுகிறவர்களுக்கு இது விளங்கும். கிழிசலைச் சுற்றி நைந்த நூலை வெட்டினால்தான் புது முடிச்சு நிற்கும். வலையைத் தூக்கி எறிவதில்லை. நைந்ததை விட்டுவைப்பதும் இல்லை.

அடிக்கிற புருஷனாயிருந்தால் முதலில் மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பாருங்கள். "பொறுத்துப்போ அம்மா" என்று சொல்லி ஜெபித்துவிட்டு வருவது பாவத்துக்குத் துணைபோவது. இதில் இரண்டு பேச்சுக்கே இடமில்லை.

பல வருஷம் தினமும் குடித்தவரை "இன்றே விட்டுவிடுவேன்" என்று ஆணையிடவைப்பதும் ஆபத்து. சட்டென்று நிறுத்தினால் 2, 3 நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, புத்திமாறாட்டம் வரலாம், உயிரும் போகலாம். அது பிசாசின் வேலை என்று உபவாச ஜெபத்தில் உட்காரவைக்காமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஜெபம் அங்கேயும் பண்ணலாம்.

திரும்பி வருகிறவரை முதல் ஞாயிறே சாட்சி சொல்ல நிறுத்தாதீர்கள். மறுபடி விழுந்தால் வெட்கம் இரட்டிப்பாகும். சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்தில் இலை போட, சோறு பரிமாற ஒரு வேலை கொடுங்கள். பந்தியில் அவர் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள்.