38-ஆம் மாடியில் இருப்பவர்: மன்னார்குடி நாட்குறிப்பு

12 அக்டோபர் 2025, ஞாயிறு

ஐ.நா. தினத்தன்று நூலகத்தில் கல்லூரி மாணவர்களிடம் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் கேட்டிருக்கிறார்கள். அந்த அமைப்புக்கு 80 ஆண்டு நிறையும் நாள் அது. அமைப்பின் வரலாற்றை ஒப்பிப்பதைவிட, நியூயார்க் தலைமையகத்தின் 38-ஆம் மாடியில் அமர்ந்திருக்கும் பொதுச் செயலாளரால் எது முடியும், எது முடியாது என்பதைப் பேசலாம் என்று தீர்மானித்தேன். 'பொதுச் செயலாளர் கவலை', 'பொதுச் செயலாளர் கண்டனம்' என்ற செய்திகளைப் படித்துச் சலித்தவர்கள், கவலைப்படுவதற்கென்று ஒரு பதவியா என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐ.நா. சாசனத்தின் 97-ஆவது பிரிவு அவரைத் தலைமை நிர்வாக அலுவலர் என்றுதான் குறிப்பிடுகிறது. உறுப்பு நாடுகள் 193. அவருக்கென்று படை இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை, பாதுகாப்பு கவுன்சிலில் வாக்கும் இல்லை. நம் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கரின் நிலைதான் அவருடையதும்: கடைமடை காய்ந்தால் வசவெல்லாம் அவருக்கு, எவ்வளவு தண்ணீர் விடுவது என்ற முடிவு வேறு யாருக்கோ. ஆனால் 99-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உலக அமைதிக்கு ஆபத்து என்று தாம் கருதும் எதையும், எந்த நாட்டிடமும் அனுமதி கேட்காமல், அவரே கவுன்சிலின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். அந்தப் பதவிக்குள்ள உண்மையான அதிகாரம் இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

19 அக்டோபர் 2025, ஞாயிறு

நாளை தீபாவளி. பகல் முழுவதும் முன்னாள் பொதுச் செயலாளர் ஊ தாண்ட் பற்றிய குறிப்புகளோடு கழிந்தது. பர்மாவில் ஐராவதி டெல்டாவைச் சேர்ந்த பன்டனாவ் என்ற சிற்றூரில் 1909-இல் பிறந்து, அங்கேயே பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஆசியாவிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்து ஆச்சி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவரிடம் ஊ தாண்டின் பெயரைச் சொன்னதும், அச்சைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, "அவரு வாத்தியாரா இருந்தவருல்ல தம்பி" என்றார். ஐ.நா.வில் ஊ தாண்டின் அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர் சி. வி. நரசிம்மன் என்ற தமிழர் என்பதைச் சொன்னேன். ஆச்சிக்கு அது புதுச் செய்தி.

1962 அக்டோபர் 24 அன்று, கியூபாவுக்கு சோவியத் ஏவுகணைகள் போய்ச் சேர்ந்து, அமெரிக்கக் கப்பற்படை கடலை மறித்து நின்றபோது, ஊ தாண்ட் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷேவுக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் அனுப்பினார். ஆயுதம் ஏற்றிய கப்பல்கள் நிற்கட்டும், மறிப்பும் நிற்கட்டும், இரண்டு மூன்று வாரம் பேசுவதற்கு அவகாசம் கிடைக்கட்டும் என்பது அதன் சாரம். எதிரி மிரட்டியதற்காகப் பின்வாங்கினால் மானம் போகும். பொதுவான ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நிறுத்தினேன் என்று சொல்லிக்கொண்டால் போகாது. அந்த வழியை அவர் திறந்துவைத்தார். மாத இறுதியில் கியூபத் தலைநகர் ஹவானாவுக்கே போய் அந்நாட்டுத் தலைவர் காஸ்ட்ரோவுடன் பேசினார். நெருக்கடி தீர்ந்ததற்கு அவர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவருடைய பங்கை இன்று யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதே மனிதர்தான் 1967 மே மாதம், எகிப்து கேட்டுக்கொண்டபடி, இஸ்ரேல் எல்லையை ஒட்டிய சினாயிலிருந்து ஐ.நா. அமைதிப் படையை விலக்க ஆணையிட்டார். இடமளித்த நாட்டின் சம்மதம் இல்லாமல் படை அங்கே தங்க முடியாது என்பது சட்டம். படையை இஸ்ரேல் பக்கத்தில் நிறுத்தலாமா என்றும் அவர் கேட்டுப் பார்த்தார்; இஸ்ரேல் சம்மதிக்கவில்லை. ஜூன் 5-ஆம் தேதி போர் மூண்டது. பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. சட்டப்படி அவர் செய்தது சரியே என்றாலும், 99-ஆவது பிரிவைக் கையில் எடுத்து விஷயத்தை உடனே கவுன்சிலின் முன் போட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

24 அக்டோபர் 2025, வெள்ளி

கூட்டம் நடந்தது. பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, 2009-இல் ஈழத்துக்காக அந்தப் பிரிவை யாராவது பயன்படுத்தினார்களா?" என்று கேட்டார். கோடியக்கரைக்கு அப்பால் கடல் தாண்டினால் யாழ்ப்பாணம் என்று அறிந்து வளரும் பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்?

இல்லை என்பதே பதில். 2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் வெளியேறினார்கள். போரின் இறுதி மாதங்களில் கவுன்சில் அதுகுறித்து முறையான கூட்டம் ஒன்றைக்கூட நடத்தவில்லை. முறைசாராப் பேச்சுகளே நடந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கையைக் களத்திலிருந்த ஊழியர்கள் திரட்டினார்கள். மேலிடம் அதை வெளியிடத் தயங்கியது. அப்போதைய பொதுச் செயலாளர் பான் கீ மூன் 2009 மே 23-ஆம் தேதி இலங்கைக்குப் போனபோது போர் முடிந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று அவர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அமைப்பு தன் கடமையில் தவறியதை 2012 நவம்பரில் வந்த உள் ஆய்வறிக்கை ஒப்புக்கொண்டது.

99-ஆவது பிரிவைக் கையில் எடுத்திருந்தாலும் கவுன்சிலில் தடுத்திருப்பார்கள் என்று வாதிடுவோர் உண்டு. தடுத்திருக்கலாம். 2023 டிசம்பர் 6 அன்று காஸாவுக்காகப் பொதுச் செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் அதே பிரிவைப் பயன்படுத்தினார். இரண்டு நாளில் போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு கவுன்சிலின் 15 நாடுகளில் 13 ஆதரவளித்தும், ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு உள்ள தடை அதிகாரத்தால் அமெரிக்கா வீட்டோ செய்தது. ஆனால் அன்று மறுத்தது யார் என்று உலகம் பார்த்தது. 2009-இல் அப்படி யாரும் கையைத் தூக்கி மறுக்க வேண்டிய நிலையே வரவில்லை. நான் இதைச் சொன்னபோது அந்த மாணவி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, "அப்போ பேசாமல் இருந்ததும் ஒரு முடிவுதானே ஐயா" என்றார். ஆமாம் என்றேன்.

2 நவம்பர் 2025, ஞாயிறு

கூட்டத்தில் விட்டுப்போனது பணம். இவ்வாண்டு ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட் சுமார் 372 கோடி டாலர். அதில் 22 விழுக்காடு அமெரிக்கா தர வேண்டியது, ஏறத்தாழ 20 சீனா. நிலுவை சேர்ந்து, சம்பளத்துக்கே கையைப் பிசையும் நிலை. இதில் ஒரு விபரீத விதியும் உண்டு: ஆண்டு இறுதியில் செலவாகாத தொகையை உறுப்பு நாடுகளின் கணக்கில் திருப்பி வரவு வைக்க வேண்டும், பணமே வராததால் செலவாகாமல் போனதும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டோ அதிகாரம் உள்ள நாட்டிடமே சம்பளப் பணத்துக்குக் காத்திருப்பவர் அந்நாட்டை எதிர்த்து எவ்வளவு உரக்கப் பேசுவார்?

படையும் இப்படித்தான். 1994-இல் இனப்படுகொலை நடந்த ருவாண்டாவுக்கு ஆள் கேட்டபோது, தேவைப்பட்டால் அனுப்புகிறோம் என்று முன்பே வாக்களித்திருந்த 19 நாடுகளில் ஒன்றுகூட முன்வரவில்லை.

26 நவம்பர் 2025, புதன்

அடுத்த பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் பணி நேற்று ஒரு கூட்டுக் கடிதத்தோடு முறைப்படி தொடங்கியிருக்கிறது. 2027 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்கப்போகிறவர் அவர். இதுவரை ஒரு பெண்கூட அங்கே அமர்ந்ததில்லை. இம்முறையாவது அமர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் 1996-இல் அப்போதைய பொதுச் செயலாளர் பூட்ரோஸ் காலிக்குக் கவுன்சிலில் 15-இல் 14 வாக்குகள் கிடைத்தும் அமெரிக்காவின் ஒரே எதிர் வாக்கால் இரண்டாம் முறை பதவி கைவிட்டுப் போயிற்று. அதைப் பார்த்தவர்கள் வீட்டோ அதிகாரம் உள்ள ஐந்து நாடுகளுக்கும் பிடித்தமாதிரி பேசக் கற்றுக்கொண்டே வேட்பாளராவார்கள் என்பதுதான் என் அச்சம்.

2016 முதல் வேட்பாளர்கள் பொதுச்சபையில் வெளிப்படையாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். மக்கள் அமைப்புகளின் கேள்விகளுக்கும் அங்கே இடமுண்டு. வாசகர் வட்டத்தின் சார்பில் அனுப்ப அந்த மாணவி ஒரு வரைவை எழுதிக் கொண்டுவந்தார். நான் திருத்தவில்லை: "2009 ஏப்ரல் மாதம் நீங்கள் அந்தப் பதவியில் இருந்திருந்தால், தோற்கும் என்று தெரிந்தும் 99-ஆவது பிரிவைப் பயன்படுத்தியிருப்பீர்களா? எந்தத் தேதியில்?" வேட்பாளர் பட்டியல் வந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவோம்.